புவனோஸ் அயர்ஸில் பெய்த பனி: ஐம்பத்தெட்டு ஆண்டுகள் பிந்தி வந்த ஒரு சித்திரக்கதை

வாராந்தச் சஞ்சிகை ஒன்றின் ஆயுள் ஏழு நாட்கள். எட்டாவது நாள் அடுத்த இதழ் கடைக்கு வந்துவிடும். முந்தியது பலசரக்குக் கடையில் சீனி சுற்றும் தாளாகும், அல்லது அலுமாரித் தட்டில் விரிக்கப்படும். அச்சுத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எவருக்கும் இது தெரியும். நாங்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி அவ்வாறுதான் போய்ச் சேர்ந்தது. ஆனால் சித்திரக்கதைகளின் விதி செய்திகளின் விதியைவிடக் கொடியது. செய்தித்தாளை ஓர் ஆவணம் என மதித்து நூலகங்கள் கட்டிப் பாதுகாத்தன. சிறுவர்களுக்கென்று மலிவுத் தாளில் அச்சிடப்பட்ட படக்கதைகளை அவ்வாறு மதித்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே அந்தத் துறையின் தலைசிறந்த ஆக்கங்களிற் பல, அவை வெளியான காலத்தில் அல்லாமல், எழுதியவரும் வரைந்தவரும் மறைந்த பின்னரே உலகத்தின் கண்ணிற் பட்டிருக்கின்றன.

பெயர் தெரியாமையும் இதற்கு ஒரு காரணம். அமெரிக்காவில் டொனால்ட் டக் கதைகளைப் பல ஆண்டுகள் எழுதி வரைந்த கார்ல் பார்க்ஸின் பெயர் அந்த இதழ்களில் அச்சிடப்படவில்லை. அட்டையில் இருந்தது வோல்ட் டிஸ்னியின் பெயர் மட்டுமே. 1940களில் அவற்றை வாசித்த சிறுவர்கள் பெரியவர்களாகி, தங்களுக்குப் பிடித்த அந்தக் கதைகளின் பின்னால் இருந்த கை யாருடையது என்று தேடி, 1960ஆம் ஆண்டளவிலேதான் அவருடைய முகவரியைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார்கள். பார்க்ஸ் அதிர்ஷ்டசாலி. தம்மைக் கண்டுபிடித்தவர்களோடு நாற்பது ஆண்டுகள் உரையாடிவிட்டு, 2000ஆம் ஆண்டில், 99ஆவது வயதிற் காலமானார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நான் இங்கே எழுத விரும்புவது அது வாய்க்காத ஒருவரைப் பற்றி.

ஆர்ஜென்டீனாவின் தலைநகரான புவனோஸ் அயர்ஸில், 1957 செப்டெம்பர் 4ஆம் திகதி, 'ஓரா செரோ செமனால்' என்ற வாராந்தச் சஞ்சிகையில் 'எல் எதர்நௌதா' என்ற சித்திரக்கதை ஆரம்பமானது. 'நித்திய யாத்திரிகன்' என்று அந்தப் பெயரைத் தமிழில் சொல்லலாம். காலவெளியில் முடிவின்றி அலைபவன் என்பது அதன் கருத்து. எழுதியவர் ஹெக்டர் ஹெர்மன் ஓஸ்டர்ஹெல்ட். வரைந்தவர் பிரான்சிஸ்கோ சொலானோ லோபஸ். தொடர் 106 வாரங்கள் ஓடி, 1959 செப்டெம்பரில் முடிந்தது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலே தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்ட இந்த நூல், எழுபதுகளில் இத்தாலிய மொழிக்கும் போனது. ஆங்கிலத்தில் அது வெளிவந்ததோ 2015ஆம் ஆண்டின் இறுதியில். அதாவது, முதல் அத்தியாயம் அச்சேறி ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர்.

அடுத்த ஆண்டில் அந்த மொழிபெயர்ப்புக்குச் சித்திரக்கதைத் துறையின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஐஸ்னர் விருது கிடைத்தபோதுதான் அதன் பெயரையே நான் கேள்விப்பட்டேன். 350 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தப் பெரிய நூலை நான்கு இரவுகளில் வாசித்து முடித்தேன். கதையைவிட, அதை எழுதியவருக்கு நேர்ந்த கதியே அதன் பின்னர் நீண்டநாள் என்னைத் தொடர்ந்தது. எனினும் முதலிற் கதை.

சித்திரக்கதை எழுதும் ஒருவர் இரவில் தம் வீட்டில் தனியே எழுதிக்கொண்டிருக்கிறார். எதிரே இருந்த வெறும் நாற்காலியில் திடீரென ஒரு மனிதன் தோன்றுகிறான். பல நூற்றாண்டுகளின் களைப்புத் தோய்ந்த கண்களோடு தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறான். அவன் பெயர் ஹுவான் சல்வோ. மனைவி எலெனா, சிறுமி மார்த்தித்தா, சொந்த வீடு, சிறிய தொழிற்சாலை என்று புறநகர்ப் பகுதியில் வாழ்ந்த சாதாரணக் குடும்பஸ்தன். ஓர் இரவு, மூன்று நண்பர்களோடு அவன் சீட்டாடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஓசைகள் அடங்கிப்போகின்றன. யன்னலால் பார்த்தால் ஒளிரும் பனி பெய்கிறது. பனி பட்டவர்கள் பட்ட இடத்திலேயே இறந்து விழுகிறார்கள். யன்னல்கள் இறுக மூடியிருந்த வீட்டில் இருந்ததால் மட்டுமே இவர்கள் தப்பியிருக்கிறார்கள். நண்பர்களில் ஒருவர் தம் குடும்பத்தை நினைத்துப் பதறி வெளியே ஓடுகிறார். சில அடிகளுக்கு அப்பால் விழுந்து கிடக்கிறார்.

புவனோஸ் அயர்ஸில் பனி பெய்வது அரிது. 1918இற்குப் பின்னர் அந்த நகரம் குறிப்பிடத்தக்க பனிப்பொழிவைக் கண்டது 2007 ஜூலை 9ஆம் திகதியன்றுதான். 1957இல் இந்தத் தொடரை வாசித்த சிறுவர்களில் எவரும் தங்கள் தெருவில் அப்படியொரு பனியைக் கண்டிருக்கமாட்டார்கள். பழக்கப்பட்ட தெருவை ஒரே இரவில் அந்நியமாக்குவதற்கு ஓஸ்டர்ஹெல்ட் தேர்ந்தெடுத்த வழி அது.

மிகுதிக் கதையை முழுதாகச் சொல்லப்போவதில்லை. எஞ்சிய நண்பர்கள் கையில் அகப்பட்டவற்றைக் கொண்டு உடலை முழுதும் மூடும் உடுப்பொன்றைத் தைக்கிறார்கள். சல்வோ அதை அணிந்து, நீர்முழுகியின் முகமூடியோடு, இறந்தவர்கள் கிடக்கும் தெருவில் முதல் அடி வைக்கிறான். உயிர் தப்பிய இராணுவத்தினரும் பொதுமக்களும் ஒன்றுசேர்கிறார்கள். ரிவர் பிளேட் கால்பந்தாட்ட அரங்கு அவர்களது பாசறையாகிறது. பிளாசா இத்தாலியாவிலும் கொங்கிரஸ் சதுக்கத்திலும் போர் நடக்கிறது. படையெடுத்து வந்தவர்களில் முன்னணியில் நிற்பவை பிரமாண்டமான வண்டுகள். வண்டுகளை இயக்குபவர்கள் எண்ணற்ற விரல்கள் கொண்ட 'கைகள்' எனும் இனத்தவர். அந்தக் கைகளும் அடிமைகளே. பயம் தோன்றினால் நஞ்சு சுரந்து கொல்லும் சுரப்பியொன்றை அவர்களது உடலில் வைத்திருக்கிறார்கள் உண்மையான எசமானர்கள். அந்த எசமானர்களுக்குக் கதையிற் பெயர் இல்லை. 'அவர்கள்' என்ற சுட்டுப்பெயர் மட்டுமே உண்டு. கதை முடியும்வரை அவர்களை யாரும் பார்ப்பதில்லை. பிடிபட்ட மனிதர்களின் பிடரியில் ஒரு கருவியைப் பொருத்தி, அவர்களையே தம் சொந்த மக்களுக்கெதிராக ஏவிவிடுவது 'அவர்களின்' முறை.

'கைகள்' இனத்தவன் ஒருவன் பிடிபட்டுச் சாகும் காட்சி இந்நூலின் மிகச் சிறந்த பகுதி என்பேன். எதிரியாக வந்தவன், அடிமைப்பட்டுப்போன தன் சொந்த உலகத்தை எண்ணியபடி உயிர் விடுகிறான். சிறுவர் சஞ்சிகையொன்றில் 1950களில் இப்படியொரு பக்கம் வந்திருக்கிறது என்பதை நம்புவதற்குக் கடினமாகவே இருந்தது.

இந்தத் தேர்ச்சி ஓரிரவில் வந்ததல்ல. 1919இல் பிறந்த ஓஸ்டர்ஹெல்ட் புவிச்சரிதவியல் படித்தவர். சிறுவர் நூல்களிலிருந்து சித்திரக்கதைக்கு வந்தவர். 1953இல் ஊகோ பிரத் என்ற இத்தாலிய ஓவியருடன் சேர்ந்து 'சார்ஜன்ட் கிர்க்' என்ற தொடரை ஆரம்பித்தார். செவ்விந்தியரைக் கொல்ல மறுத்து இராணுவத்தைவிட்டு விலகும் சிப்பாயின் கதை அது. பின்னர் தம் சகோதரருடன் சேர்ந்து 'பிரொன்தேரா' என்ற சொந்த வெளியீட்டகத்தை நிறுவினார். அங்கிருந்து வந்த தொடர்களில் 'ஏர்னி பைக்' பத்திரிகையாளர்களுக்கு விசேட ஈர்ப்புடையது. இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களோடு வாழ்ந்து எழுதி, 1945 ஏப்ரிலில் ஒக்கினாவாவுக்கு அருகே கொல்லப்பட்ட அமெரிக்க நிருபர் ஏர்னி பைலை நினைவில் வைத்து உருவாக்கப்பட்ட பாத்திரம் அது. அந்த நிருபருக்கு ஊகோ பிரத் கொடுத்தது ஓஸ்டர்ஹெல்டின் முகத்தையே. போர்க்கதைகள் என்றால் நம்மவர் வெல்வர், எதிரி வீழ்வான் என்றிருந்த காலத்தில், இரு பக்கத்தாரும் மனிதராகவே சாகும் கதைகளை அவர் எழுதினார்.

கலை வளர்ந்தது, கணக்கு வளரவில்லை. 1960களின் ஆரம்பத்தில் வெளியீட்டகம் கைநழுவிப்போனது. நல்ல ஓவியர்கள், கூடுதல் ஊதியம் கொடுத்த ஐரோப்பியச் சஞ்சிகைகளை நாடினார்கள். அவ்வாறு போனவர்களில் ஒருவர் சொலானோ லோபஸ். அவர் லண்டனின் பிளீட்வே நிறுவனத்துக்காக வரைந்தார். தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் எதிர்பாராத ஓர் உறவு உண்டு. அவர் வரைந்த 'கெலியின் கண்' என்ற தொடர் 1963இலிருந்து வெளியான 'வேலியன்ட்' இதழில்தான், ஸ்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த 'இரும்புக் கை' தொடரும் வந்துகொண்டிருந்தது. அதுவே 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் மூலம் 'இரும்புக்கை மாயாவி'யாகத் தமிழுக்கு வந்து, பாக்கு நீரிணையைக் கடந்து இந்தத் தீவின் சிறுவர்களையும் வந்தடைந்தது. மாயாவி மின்சாரம் பாய்ந்து மறையும் வித்தையைக் கண்டு வியந்த எங்களில் எவருக்கும், அதை வரைந்தவர் யாரென்று தெரியாது. பிரித்தானிய இதழ்கள் ஓவியர்களின் பெயரை அச்சிடுவது வழக்கமில்லை. ஆங்கிலேய வீரர்களின் கதைகள் என்று நாங்கள் நம்பிய பலவற்றை ஸ்பெயினிலும் ஆர்ஜென்டீனாவிலும் பிறந்தவர்களே வரைந்தார்கள் என்பது எனக்கு மிகப் பிந்தியே தெரிய வந்தது. அயலவர் என்று நாங்கள் எண்ணியிராத ஒரு நாட்டின் கலை, பெயரில்லாமல் ஏற்கெனவே எங்கள் புத்தகப் பைக்குள் இருந்திருக்கிறது.

இனி, ஓஸ்டர்ஹெல்டின் பிற்கால வாழ்க்கை.

1966இல் ஆர்ஜென்டீனாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1968இல் அவர், அல்பேர்ட்டோ பிரெச்சியா, அவருடைய மகன் என்ரிக்கே ஆகியோருடன் சேர்ந்து சே குவேராவின் வாழ்க்கையைச் சித்திரக்கதையாக்கினார். சே கொல்லப்பட்டு அப்போது ஒரு வருடமும் முழுதாகக் கழிந்திருக்கவில்லை. அந்த நூல் பின்னர் தடைக்குள்ளானது. அதன் மூலப் பிரதிகள் அழிக்கப்பட்டன. 1969இல் 'ஹெந்தே' என்ற பிரபல சஞ்சிகை 'எல் எதர்நௌதா'வை மீண்டும் வெளியிட விரும்பியது. ஓஸ்டர்ஹெல்ட் அதைப் புதிதாக எழுதினார். பிரெச்சியா வரைந்தார். இம்முறை கதையில் ஒரு மாற்றம். தங்களைக் காத்துக்கொள்வதற்காக வல்லரசுகள் தென் அமெரிக்காவைப் படையெடுப்பாளர்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. பிரெச்சியாவின் ஓவியங்கள் இருளும் கீறலும் கறையும் நிறைந்தவை. இன்று அவை பெரும் சாதனையாகக் கருதப்படுகின்றன. அன்று சஞ்சிகை, வாசகரிடம் மன்னிப்புக் கேட்டுக் குறிப்பெழுதி, தொடரைச் சில வாரங்களில் அவசரமாக முடித்துவைத்தது.

இந்த இரண்டு பதிப்புகளுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் மனிதர் மாறியிருந்தார். 1957இல் அவர் புரட்சிக்காரர் அல்லர். பெக்கார் என்ற புறநகரில் மனைவி எல்சாவோடும் பெண் குழந்தைகளோடும் வாழ்ந்த மத்தியதர வர்க்கத்து எழுத்தாளர். எழுபதுகளில் அவருடைய நான்கு மகள்மாரும், எஸ்தேலா, டயானா, பேயாத்ரிஸ், மரீனா ஆகியோர், இடதுசாரிப் பேரோனிய ஆயுத இயக்கமான மொந்தொனேரோஸில் இணைந்தார்கள். தந்தையும் இணைந்து, இயக்கத்தின் பிரசாரப் பிரிவில் வேலை செய்தார். எல்சா மட்டும் அதை ஏற்கவில்லை. பிள்ளைகளை இழந்துவிடுவேன் என்று அஞ்சிய தாயின் எதிர்ப்பு அது.

1976 மார்ச் 24ஆம் திகதி இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. அதே ஆண்டு இறுதியில் 'எல் எதர்நௌதா'வின் இரண்டாம் பாகம் வெளிவரத் தொடங்கியது. ஓஸ்டர்ஹெல்ட் தலைமறைவாக இருந்தபடியே அத்தியாயங்களை எழுதி அனுப்பினார். அதன் அரசியல் சொலானோ லோபஸுக்கு உடன்பாடில்லை. அரசியல் கதையை விழுங்கிவிட்டது என்பது அவர் கருத்து. அதை வாசித்த எனக்கும் அவ்வாறே தோன்றியது. முதற் பாகத்தில் ஒவ்வொருவரின் உயிருக்கும் இருந்த மதிப்பு இரண்டாம் பாகத்தில் இல்லை. அங்கே இலட்சியத்துக்காக மற்றவர்களின் உயிர் எளிதிற் செலவிடப்படுகிறது. இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பேயாத்ரிஸ் 1976 ஜூனிற் பிடிபட்டாள். நான்கு மகள்மாரில் அவளுடைய உடல் மட்டுமே தாயிடம் கையளிக்கப்பட்டது. டயானா அதே ஆண்டு ஓகஸ்டில் வடக்கே துக்குமானில் பிடிபட்டாள். அப்போது அவள் கர்ப்பிணி. 1977 ஏப்ரில் 27ஆம் திகதி லா பிளாத்தா நகரில் தந்தையைக் கொண்டுசென்றார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் மரீனாவும் எஸ்தேலாவும் இல்லாமற் போனார்கள். மரீனாவும் கர்ப்பிணியாக இருந்தாள். மருமக்களும் தப்பவில்லை. எல்சாவுக்கு எஞ்சியவர்கள் இரண்டு பேரப்பிள்ளைகள் மட்டுமே.

இரகசியத் தடுப்பு முகாமில் ஓஸ்டர்ஹெல்டைக் கண்டவர்கள் சிலர் உயிரோடு திரும்பினார்கள். 1984இல் வெளியான அரச ஆணைக்குழுவின் அறிக்கையில் அவ்வாறான ஒருவரின் சாட்சியம் உள்ளது. 1977ஆம் ஆண்டின் நத்தார் இரவில் காவலர்கள் கைதிகளின் முகமூடிகளைச் சில நிமிடங்கள் அகற்றவும், புகைக்கவும், ஒருவரோடொருவர் பேசவும் அனுமதித்தார்கள். அப்போது ஓஸ்டர்ஹெல்ட், அங்கிருந்தவர்களுள் தாமே மூத்தவர் என்பதால், ஒவ்வொருவராகச் சென்று எல்லாக் கைதிகளுக்கும் கைகொடுக்க விரும்புவதாகக் கேட்டு, அவ்வாறே செய்தார். அப்போது அவருக்கு வயது 58. அதன் பின்னர் எப்போது, எங்கே கொல்லப்பட்டார் என்பது நிறுவப்படவில்லை. உடல் கிடைக்கவில்லை.

அந்த ஆணைக்குழு பதிவு செய்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தொகை 8,961. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்று சொல்கின்றன. 1979 டிசெம்பரில் இராணுவ ஆட்சியாளர் விடேலா பத்திரிகையாளர் சந்திப்பொன்றில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, காணாமற்போனவர் என்பவர் உயிரோடு இருப்பவரும் அல்லர், இறந்தவரும் அல்லர், அவர் இல்லாதவர் என்னும் பொருள்பட விடையளித்தார். இந்த நாட்டிலே செய்தி எழுதிய எவருக்கும் அந்த விடை புதிதாக இராது. தமிழில் நாங்களும் முதலில் 'காணாமற்போனவர்' என்றே எழுதினோம், அவர் தாமாக எங்கோ போய்விட்டதைப் போல. 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று எழுதுவதற்கு ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. வினைச்சொல் ஒன்று செயப்பாட்டுவினையாக மாறுவதற்கு எத்தனை தாய்மார் வீதியோரத்தில் படங்களோடு அமர வேண்டியிருந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆர்ஜென்டீனாவிலும் அந்த வேலையைச் செய்தவர்கள் தாய்மாரே. 1977 ஏப்ரில் 30ஆம் திகதி மே சதுக்கத்தில் அவர்கள் முதன்முதலாகக் கூடினார்கள். ஓஸ்டர்ஹெல்ட் பிடிபட்டு அப்போது மூன்று நாட்கள்.

இவ்வளவையும் அறிந்துகொண்டு நூலைத் திறப்பவருக்கு ஓர் ஆபத்து உண்டு. எல்லாம் தீர்க்கதரிசனம் போலத் தோன்றும். கால்பந்தாட்ட அரங்கில் ஆயுதம் ஏந்தியவர்கள், முகம் காட்டாத 'அவர்கள்', பிடரியிற் கருவி பொருத்தப்பட்டுச் சொந்த மக்களையே வேட்டையாடும் மனிதர்கள், காணாமற்போன மனைவியையும் மகளையும் காலவெளியெல்லாம் தேடி அலையும் ஒருவன். இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தம் விதியை அவர் எழுதிவிட்டார் என்று சொல்லிவிடுவது எளிது. பலர் அவ்வாறு சொல்லியும் இருக்கிறார்கள்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்தாளன் சோதிடன் அல்லன். 1957இல் அந்தச் சஞ்சிகையை வாங்கிய பையன் வண்டுகளையும் பனியையும் வாசித்தான். அடுத்த புதன்கிழமை வரும்வரை காத்திருந்தான். அவனுக்குக் கிடைத்தது நல்ல கதை. எங்களுக்குக் கிடைப்பது கதையும் அதன்மேல் விழுந்த நிழலும். தாமதமாகக் கண்டடைபவர் இழப்பது இதுவே. முதல் வாசகனின் வெறுமையான மனம் எமக்குத் திரும்பக் கிடைக்காது. 106 வாரங்களை நான்கு இரவுகளாகச் சுருக்கிவிட்ட எனக்கு, ஒரு வாரம் முழுவதும் சல்வோ பிழைப்பானா என்று பதறியிருக்கும் வாய்ப்பும் இல்லை.

ஆனால் பெறுவதும் ஒன்று உண்டு. எது தற்செயல், எது கதையின் உயிர் என்பதைக் காலம் பிரித்துக் காட்டுகிறது. 1950களின் அணுகுண்டுப் பயம் அந்தக் கதையில் இருக்கிறது. அது இன்று மங்கிவிட்டது. மங்காமல் நிற்பது வேறொன்று. பிற்காலத்தில் எழுதிய முன்னுரையொன்றில் ஓஸ்டர்ஹெல்டே அதைச் சுட்டிக்காட்டினார். ரொபின்சன் குரூசோ கதையைத் தம் முறையில் எழுத முற்பட்டதாகவும், தம்முடைய குரூசோவைச் சூழ்ந்திருப்பது கடல் அன்றி மரணம் என்றும், அவன் தனியன் அல்லன், குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருப்பவன் என்றும் விளக்கினார். தனி வீரன் அன்று, கூட்டமாக நிற்கும் மனிதரே உண்மையான வீரர் என்பது அவர் முடிபு. கதையில் இது பிரசங்கமாக வருவதில்லை. பேராசிரியர் பவாயி கணக்குப் போடுகிறார். கடைசல் தொழிலாளி பிராங்கோ துணிவு காட்டுகிறான். வரலாற்றாசிரியர் மொஸ்கா குண்டுமழைக்கு நடுவிலும் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். அவரை மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். நான் கேலி செய்யவில்லை. இவர்களில் எவர் ஒருவர் இல்லாவிடினும் மற்றவர் மறுநாளைக் கண்டிருக்கமாட்டார்.

இறுதிப் பக்கங்களில் சல்வோ தன் கதையைச் சொல்லி முடிக்கும்போது, தான் வந்து சேர்ந்திருப்பது 1959ஆம் ஆண்டு என்று அறிகிறான். பனி பெய்தது 1963இல். அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் உண்டு. அவன் ஓடுகிறான். சில தெருக்களுக்கு அப்பால் அவன் வீடு, மனைவி, மகள் எல்லாம் முன்பிருந்தபடி இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் நடந்தவற்றை மறந்துவிடுகிறான். நினைவோடு எஞ்சியிருப்பவர் கதையைக் கேட்ட எழுத்தாளர் ஒருவரே. இதையெல்லாம் அச்சிட்டு வெளியிட்டால் வரப்போவதைத் தடுக்க முடியுமா என்ற கேள்வியோடு நூல் முடிகிறது. பத்திரிகைத் தொழிலிலிருந்த ஒருவனுக்கு அந்தக் கேள்வியைக் கடந்து போவது இலகுவன்று. எழுதினால் நடக்காமல் நின்றுவிடுமா? எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் நிற்கவில்லை. ஆயினும் எழுதப்படாமற் போனவை நடக்கவே இல்லை என்று பின்னர் சொல்லப்பட்டதையும் கண்டிருக்கிறோம்.

மகன் கைதுசெய்யப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டதும் சொலானோ லோபஸ் 1977இல் நாட்டைவிட்டு வெளியேறினார். மக்களாட்சி மீண்ட பின்னர் திரும்பி வந்து, 2011இற் காலமானார். 2005இல் ஆர்ஜென்டீனா, தொடர் ஆரம்பமான செப்டெம்பர் 4ஆம் திகதியைத் தேசியச் சித்திரக்கதை நாளாக்கியது. ஒரு காலத்தில் எழுதியவரை ஒழித்த அரசின் பள்ளிக்கூடங்களிலேயே அந்த நூல் இப்போது வாசிக்கப்படுகிறது. எல்சா, மே சதுக்கத்துப் பாட்டிமார் அமைப்பில் இணைந்து இறுதிவரை உழைத்து, 2015 ஜூனில், 90ஆவது வயதில் மறைந்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது அவர் மறைந்து சில மாதங்களின் பின்.

2025 ஏப்ரில் 30ஆம் திகதி நெற்பிளிக்ஸ் நிறுவனம் புருனோ ஸ்தாஞ்ஞாரோவின் இயக்கத்தில், ரிக்கார்டோ டரின் நடிப்பில், இக்கதையை ஆறு பகுதிகள் கொண்ட தொடராக வெளியிட்டது. இன்றைய புவனோஸ் அயர்ஸில் நடப்பதாக மாற்றப்பட்ட அந்தத் தொடர், ஸ்பானிய மொழி தெரியாத பல இலட்சம் பேருக்குச் சல்வோவின் முகமூடியை அறிமுகப்படுத்தியது. ஓஸ்டர்ஹெல்டின் பேரன் மார்ட்டின் அதன் உருவாக்கத்தில் ஆலோசகராக இருந்தார். சிறுவனாக இருந்தபோது, தடுப்பு முகாமில் பாட்டனாரைப் பார்ப்பதற்குக் கொண்டுசெல்லப்பட்டவர் அவர்.

தொடர் வெளியானதும் அந்த நாட்டுத் தெருக்களில் சில சுவரொட்டிகள் தோன்றின. டயானாவுக்கும் மரீனாவுக்கும் சிறையில் பிள்ளைகள் பிறந்திருக்கலாம். பிறந்திருந்தால், அக்காலத்தில் பல குழந்தைகளுக்குச் செய்யப்பட்டதுபோல, வேறு பெயரில் வேறு குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறு கடத்தப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 500 பேர் என்பது பாட்டிமார் அமைப்பின் கணக்கு. 1987இல் நிறுவப்பட்ட தேசிய மரபணு வங்கியின் துணையோடு, 2025 ஜூலை வரையில் 140 பேர் தங்கள் உண்மையான பெற்றோர் யாரென்பதை அறிந்துகொண்டார்கள். 1976இலோ 1977இலோ பிறந்து, தன் பிறப்பைப் பற்றிச் சந்தேகம் கொண்ட எவரும் முன்வந்து பரிசோதித்துக்கொள்ளலாம் என்பதே அந்தச் சுவரொட்டிகள் சொன்ன செய்தி.

உயிரோடிருந்தால் அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பதை அண்மித்த வயது. அவர்களில் ஒருவர், வேறு யாரோ ஒருவரின் பெயரோடு, ஏதோ ஒரு வீட்டில் அமர்ந்து அந்தத் தொடரைப் பார்த்திருக்கவும் கூடும். பழைய புத்தகக் கடையிலிருந்து அந்த நூலை வாங்கி வாசித்து, நல்ல கதை என்று மூடி வைத்திருக்கவும் கூடும். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் பிந்தி ஒரு நூலைக் கண்டடைந்ததில் எனக்குக் கிடைத்தது நான்கு இரவுகளின் வாசிப்பு. அது எழுதியவரின் குடும்பத்துக்கு இன்னும் வந்து சேராத வாசகர் இருவர் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே அந்த நாட்டில் மரபணு வங்கியின் கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.